கண்ணை எடுக்காமல் காப்பாற்ற முடியாதா?

வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் ஒரு தாய் இரண்டு வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். குழந்தையின் கருவிழிக்கு நடுவே சில நேரங்களில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே, கவலைப்பட வேண்டுமா என்பது அந்தக் கேள்வி. விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று நானும் சுருக்கமாகவே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே இந்த நோயோடு போராடிக்கொண்டிருக்கும் குடும்பங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கடிதங்கள் அல்ல என்பதால் இம்மாதம் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அவனுடைய இடது கண் பூனைக் கண்ணைப் போல மின்னுவதை நான்கு மாதங்களுக்கு முன்பே பார்த்தேன். கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று சொல்லி மாமியார் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார். பிறகு அந்தக் கண் உள்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. மாறுகண் அதிர்ஷ்டம் என்றார்கள். ஊர்த் திருவிழாவில் அலைபேசியில் எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்ததைப் பார்த்த என் தம்பிதான் எங்களை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது கண்ணில் 'ஈ' பிரிவுக் கட்டி இருக்கிறது, வலது கண் நன்றாக இருக்கிறது, இடது கண்ணை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். என் கணவரும் மாமியாரும் சம்மதிக்கவில்லை. மருந்திலேயே கரைத்துவிடுவதாக வேறு ஊரில் சொல்கிறார்களாம். மூன்று வாரம் ஓடிவிட்டது. கண்ணை எடுக்காமல் காப்பாற்ற வழியே இல்லையா? என்னுடைய கண் ஒன்றை எடுத்து அவனுக்கு வைக்க முடியாதா?
(புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த நோயுள்ள குழந்தையின் தாய் யாரைச் சந்தித்தாலும், என்றாவது ஒரு நாள் அவர் இதைக் கேட்டுவிடுவார். கண்ணப்பரை நாயனாராகக் கொண்டாடும் மண்ணில் இந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் முழுக் கண்ணை எடுத்து இன்னொருவருக்கு வைத்துப் பார்வை வரச் செய்ய மருத்துவத்தால் இன்றும் இயலாது. கண் தானத்தில் பெறப்படும் கண்ணிலிருந்து, கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிப் படலத்தைத்தான் பார்வைக்காகப் பொருத்துகிறோம். உங்கள் மகனுக்கு நோய் இருப்பது கண்ணின் பின்சுவரில், விழித்திரையில்.

இனி எழுதுவதை உங்கள் கணவரும் மாமியாரும் படிக்க வேண்டும். அவர்கள் இருவரும் குழந்தைக்கு எதிரிகள் அல்லர். கண்ணை எடுப்பது என்ற சொல்லைக் கேட்டு உறைந்துபோயிருக்கிறார்கள்.

இந்த நோய்க்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். இதற்கு மருத்துவம் செய்யும்போது நாங்கள் ஒரு வரிசையை மனத்தில் வைத்திருப்போம். முதலில் உயிர், அடுத்து கண், அதற்கும் அடுத்துத்தான் பார்வை. கட்டியின் அளவையும் பரவலையும் பொறுத்து 'ஏ' முதல் 'ஈ' வரை ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கிறோம். 'ஏ', 'பி' பிரிவுகளில் கண்ணையும் பெரும்பாலும் பார்வையையும் காப்பாற்றிவிட முடிகிறது. 'ஈ' என்பது கடைசிப் பிரிவு. கட்டி கண்ணுக்குள் பெருமளவு பரவி, அந்தக் கண்ணுக்குப் பயன்படும் பார்வை திரும்ப வாய்ப்பில்லாமல் போன நிலை அது. அதாவது உங்கள் மகன் அந்த இடது கண்ணால் இப்போதே பார்க்கவில்லை. எடுக்கப்படவிருப்பது பார்வையற்ற கண், அதற்குள் இருப்பது வளர்கின்ற புற்று.

விழித்திரையிலிருந்து புறப்படும் பார்வை நரம்பு நேராக மூளைக்குச் செல்கிறது என்பதுதான் அஞ்ச வேண்டிய செய்தி. கட்டி அந்த நரம்பு வழியாகப் பின்னோக்கி ஊர்ந்தாலும், விழித்திரைக்கு வெளியே உள்ள இரத்தநாளப் படலத்துக்குள் நுழைந்து எலும்பு மஜ்ஜையை அடைந்துவிட்டாலும் நிலைமை முற்றிலும் மாறிவிடும். கண்ணுக்குள்ளேயே கட்டி அடங்கியிருக்கும்போது முறையான சிகிச்சை பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள். வெளியே பரவிய பிறகு அந்த நம்பிக்கையை யாராலும் கொடுக்க முடியாது. நீங்கள் இழந்த மூன்று வாரத்தைப் பற்றி வருந்திப் பயனில்லை. நான்காவது வாரத்தை இழக்காதீர்கள்.

மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, சரிப்படாவிட்டால் பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. எடுத்த கண்ணை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கட்டி நரம்புக்குள்ளோ இரத்தநாளப் படலத்துக்குள்ளோ புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். புகுந்திருந்தால் ஆறு சுற்று மருந்து கொடுத்து, உடலில் எங்கோ தங்கியிருக்கக்கூடிய புற்றணுக்களையும் அழிப்பார்கள். முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டால் அந்த அடையாளங்கள் மங்கிப்போய், பரவவே இல்லை என்று நம்பிவிட இடமுண்டு. 'ஈ' பிரிவுக் கண்ணை மாதக்கணக்கில் மருந்தால் இழுத்துப் பிடித்துவிட்டுப் பிறகு எடுத்த குழந்தைகள், முதலிலேயே எடுக்கப்பட்டவர்களைவிடக் கூடுதலாக இறந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். ஆனால் கண் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு உள்ள இடத்தில் கேளுங்கள். சென்னையில் சங்கர நேத்ராலயா, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை என்று நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. படங்களையும் அறிக்கையையும் கையோடு எடுத்துச் சென்று, ஒரு வாரத்துக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். கண்ணில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று எவராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஊசி போன பாதையிலேயே இந்தக் கட்டி வெளியேறக்கூடும் என்பதால் மற்றப் புற்றுநோய்களுக்குச் செய்யும் அந்தச் சோதனையை இதற்குச் செய்வதில்லை.

அறுவை சிகிச்சையைப் பற்றியும் தெரிந்துகொண்டால் உங்கள் மாமியாரின் அச்சம் கொஞ்சம் குறையும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட்ராப் என்ற மருத்துவர், கண்ணை எடுத்தால் இந்தக் குழந்தைகள் பிழைக்கலாம் என்று 1809-இல் எழுதியபோது உலகில் மயக்க மருந்தே கிடையாது. இன்று குழந்தை முழு மயக்கத்தில் இருக்கும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விழிக்கோளத்தை நரம்பின் ஒரு நீண்ட துண்டோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் உருண்டையை வைத்துத் தசைகளை அதன்மீது பொருத்தி மூடிவிடுவார்கள். இமைக்குள் இருப்பது வெறும் குழியாக இருக்காது, இளஞ்சிவப்பாக வாயின் உட்புறத்தைப் போல் இருக்கும். புண் ஆறியதும், சுமார் ஆறு வாரத்தில், மற்றக் கண்ணின் நிறத்தைப் பார்த்து வரைந்து செய்யப்பட்ட செயற்கைக் கண்ணை இமைக்குள் பொருத்துவார்கள். உள்ளே தசைகள் இருப்பதால் அது ஓரளவு அசையவும் செய்யும். பெரியவர்கள் வாரக்கணக்கில் முடங்கிக் கிடப்பார்கள். உங்கள் மகன் ஒன்றிரண்டு நாளில் கட்டோடு ஓடத் தொடங்குவான். ஒற்றைக் கண்ணால் பார்ப்பது அவனுக்குப் புதிதல்ல, பல மாதங்களாக அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நந்தியாவட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தச் சாறு கட்டியை உண்டாக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. மாமியாரின் மீது அந்தப் பழியைச் சுமத்தாதீர்கள். ஆனால் இந்த இதழைப் படிக்கும் மற்றவர்கள், குழந்தையின் கண்ணில் பூ என்று நினைத்தாலும் மாறுகண் அதிர்ஷ்டம் என்று நினைத்தாலும், அந்த நினைப்போடேயே ஒரு முறை கண் மருத்துவரிடம் போய் வந்துவிடுங்கள்.

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் ஏழு மாதப் பெண் குழந்தைக்கு இரண்டு கண்களிலும் கட்டி. ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லி, இரண்டு முறை முடிந்திருக்கிறது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் வருகிறோம். போன முறை ஊர் திரும்பி எட்டாம் நாள் காய்ச்சல் வந்து பயந்துபோனோம். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? செலவுக்கும் வழி தெரியவில்லை.
(திருப்பூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: எட்டாம் நாள் என்று நாளைக் குறித்து எழுதியிருக்கிறீர்கள், தம்பி. அந்தக் கணக்கை விடாமல் வைத்திருங்கள். வின்கிறிஸ்டின், எட்டோபோசைட், கார்போபிளாட்டின் என்ற மூன்று மருந்துகளைத்தான் பெரும்பாலும் சேர்த்துக் கொடுக்கிறோம். அவை புற்றணுக்களை அழிக்கும்போது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். மருந்து ஏறிய நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அந்த எண்ணிக்கை மிகவும் தாழ்ந்திருக்கும். நாள்காட்டியில் அந்த வாரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது, ஆசனவாய் வழியே எந்த மருந்தும் வைக்கக்கூடாது. சென்னைக்கு ஓடி வர நேரம் இருக்காது. ஆகவே உங்கள் ஊரிலேயே ஒரு குழந்தை மருத்துவரிடம் இப்போதே போய், சிகிச்சைச் சுருக்கத்தின் நகலைக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் உடனே சேர்த்துக்கொண்டு சிரை வழியாக நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவதாக உறுதி பெற்று வையுங்கள்.

அந்தச் சிவப்பு வாரத்தில் கூட்டம் கூடும் இடங்களுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லாதீர்கள். பார்க்க வரும் உறவினர்கள் எத்தனை அன்போடு வந்தாலும், இருமலோ சளியோ இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வருத்தப்படுவார்கள், படட்டும். கொதிக்க வைத்து ஆறிய நீர், அப்போது சமைத்த இட்லி, குழைந்த சாதம், கேழ்வரகுக் கஞ்சி போதும். வெளியே வாங்கிய பண்டங்கள், பழையது, சமைக்காத காய்கள் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. வின்கிறிஸ்டின் மலச்சிக்கலைத் தரும். இரண்டு நாள் போகாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கேனும் அம்மை போட்டிருந்து குழந்தை அருகில் போயிருந்தால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே சொல்லிவிடுங்கள். வேப்பிலை கட்டும் வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அம்மைக்கு மருத்துவரிடம் போகக்கூடாது என்ற வழக்கம் இந்தக் குழந்தையின் உயிரை வாங்கிவிடும். போலியோ சொட்டு மருந்து முகாமில் தன்னார்வலர்கள் வீடு தேடி வருவார்கள். உங்கள் மகளுக்கும் வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கலாமா என்று சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுங்கள். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பு மருந்துகளை இந்தக் காலத்தில் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைப் பட்டினி போட வேண்டியிருப்பது தாய்மார்களை அழவைக்கிற விஷயம். பொதுவாகத் தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், மற்றப் பாலுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி போதும். முந்தைய இரவிலிருந்தே நிறுத்த வேண்டும் என்று தவறாகப் புரிந்துகொண்டு பிள்ளையைப் பத்து மணி நேரம் காயப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழைக்கும் நேரத்தைச் செவிலியரிடம் கேட்டு, பின்னோக்கிக் கணக்கிட்டுப் பால் கொடுங்கள். கார்போபிளாட்டின் சில குழந்தைகளுக்குக் காது கேட்கும் திறனைக் குறைக்கும். பார்வை குறையக்கூடிய குழந்தைக்குச் செவி இரட்டிப்பு முக்கியம் என்பதால் செவித்திறன் சோதனையை நினைவூட்டிக் கேட்டு வாங்குங்கள்.

மருந்தினால் கட்டி சுருங்கியதும் எஞ்சியதை லேசர் கொண்டு சுட்டும், குளிர்விக்கும் கருவியால் உறையவைத்தும் அழிப்பார்கள். சில கண்களுக்குத் தொடையிலுள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கண்ணுக்குச் செல்லும் நாளத்திலேயே மருந்தை விடுவார்கள். கதிர்வீசும் சிறு தகட்டைக் கண்ணின் மேல் சில நாட்கள் தைத்து வைக்கும் முறையும் உண்டு. உங்கள் மகளுக்கு எது என்பதை ஒவ்வொரு பரிசோதனையின் போதும்தான் முடிவு செய்வார்கள். ஆறு சுற்று முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில், இடைவெளி கூடிக்கொண்டே போகும் பரிசோதனைகள் உண்டு.

செலவு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், பலருக்கு அந்த இடத்தில்தான் தடங்கல் ஏற்படுகிறது. அரசு மருத்துவமனையை நாடுகிறவர்களுக்கு, 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. ரயிலில் வருகிறவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். புற்றுநோய் சிகிச்சைக்காகப் பயணம் செய்கிறவருக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணமே கிடையாது. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் கையெழுத்து வாங்கி நிலைய முன்பதிவு மையத்தில் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு எப்படியும் கட்டணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், இந்தப் படிவத்தால் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கு அல்லது உங்கள் மனைவிக்கு.

கேள்வி: எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை, உன் வழியில்தான் வந்திருக்கிறது என்று கணவர் வீட்டில் சொல்கிறார்கள். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதாகவும் பேச்சு வருகிறது. என் மகளுக்கு ஒரு கண்ணில்தான் நோய். அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
(ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் சாப்பிட்டது, பார்த்தது, அழுதது, அலைபேசியில் பேசியது எதுவும் காரணம் அல்ல.

பதின்மூன்றாம் குரோமோசோமில் ஆர்.பி.1 என்றொரு மரபணு இருக்கிறது. உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி பிடித்துவைப்பது அதன் வேலை. வண்டிக்குத் தடை போல. ஒவ்வோர் உயிரணுவிலும் தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் பழுதானால்தான் கட்டி முளைக்கும். ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1971-இல் வெறும் 48 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டே இதைக் கண்டுசொன்னார். அந்த மரபணுவைப் பிரித்தெடுக்க அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஆயின. புற்றுநோயைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பவற்றில் ஒரு பெரும்பகுதி இந்தச் சிறு குழந்தைகளின் கண்களிலிருந்து கற்றதுதான்.

ஒரு கண்ணில் மட்டும் நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இரண்டு பழுதுகளும் விழித்திரையின் ஏதோ ஓர் உயிரணுவில் தற்செயலாக நேர்ந்தவை. அது அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. நூற்றில் ஏறத்தாழ பதினைந்து பேருக்கு மட்டும் உடல் முழுவதிலும் ஒரு பழுது இருக்கிறது. இரண்டு கண்ணிலும் நோய் வந்தால் அது மரபுவழி வகை என்றே கொள்ள வேண்டும். அந்த மரபுவழி வகையிலும் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே நோய் இருந்திருக்காது, பழுது அந்தக் குழந்தையிடமே முதன்முதலாகத் தோன்றியிருக்கும். ஆகவே வம்சத்தில் இல்லை என்பது உங்கள் கணவர் வீட்டாருக்கு எதையும் நிரூபித்துவிடாது. ஏதேனும் ஒரு வழியில் வந்திருந்தாலும், தாய்க்கும் தந்தைக்கும் வாய்ப்புச் சமம்.

உங்கள் மகளுக்கு இரத்தத்தில் ஆர்.பி.1 சோதனை செய்யுங்கள். கண் எடுக்கப்பட்டிருந்தால் கட்டியின் சிறு பகுதியையும் சேர்த்து ஆராய்வது இன்னும் தெளிவைத் தரும். அவளுடைய இரத்தத்தில் பழுது இருந்தால் உங்கள் இருவருக்கும் சோதனை தேவைப்படும். நாளை அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதும் அப்போது தெரியவரும். அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் எலும்பு போன்ற இடங்களில் வேறு புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், தேவையில்லாத சி.டி. ஸ்கேன்களைத் தவிர்க்கச் சொல்வோம். அடுத்த குழந்தையைத் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், மரபியல் ஆலோசனைக்குப் பிறகு பெற்றுக்கொள்ளுங்கள். பிறந்த ஓரிரு வாரத்துக்குள் அந்தக் குழந்தையின் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கட்டி இருந்தாலும் கடுகளவில் பிடித்துவிடலாம், கடுகளவில் பிடித்தால் லேசரே போதும்.

கேள்வி: பேரனுக்குக் குணமானால் சமயபுரம் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மகன் கோபிக்கிறான். தவறா?
(அரியலூரிலிருந்து ஒரு பாட்டி)

பதில்: தவறே இல்லை அம்மா. ஒரே ஒரு நிபந்தனை. மருந்து ஏறும் நாளும் கோயிலுக்குப் போகும் நாளும் ஒன்றாக வந்தால் மருந்தை ஒத்திப்போடக்கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் குழந்தையைக் கூட்டத்துக்குள் தூக்கிச் செல்ல வேண்டாம், நீங்கள் மட்டும் போய் வாருங்கள். மருந்து ஏற்றியதில் முடி தானாகவே கொட்டிவிடும் என்பதால் மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் அதையும் சிகிச்சை முடிந்து முடி வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகனின் சிகிச்சைக்காக நானும் கணவரும் மாறி மாறி ஊருக்கும் மருத்துவமனைக்கும் அலைகிறோம். ஆறு வயது மூத்த மகள் என் அம்மா வீட்டில் இருக்கிறாள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் இப்போது படுக்கையை நனைக்கிறாள், தம்பியைப் பார்க்கவே வர மறுக்கிறாள். பொறாமையா?
(நாகர்கோவிலிலிருந்து ஒரு தாய்)

பதில்: பொறாமை கொஞ்சம் இருக்கலாம், ஆனால் நான் வேறொன்றைச் சந்தேகிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் அக்காள் என் அறைக்கு வந்தாள். யாரோடும் பேசாமல் இருந்தவள், தாய் வெளியே போன நேரத்தில், தம்பியை ஒருநாள் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டேன், அதனால்தான் கண்ணுக்குள் கட்டி வந்ததா என்று என்னிடம் கேட்டாள். எட்டு மாதமாக அந்தக் கேள்வியை அவள் தனியாகச் சுமந்திருந்தாள். இந்த வயதில் குழந்தைகள், வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தாங்கள்தான் காரணம் என்று நம்புகிறார்கள். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசப் பேச அந்த நம்பிக்கை இறுகுகிறது.

அவள் கேட்பாள் என்று காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். தம்பியின் கண்ணுக்குள் ஒரு கட்டி இருக்கிறது, அதற்குப் புற்றுநோய் என்று பெயர், அது யார் அடித்ததாலும் திட்டியதாலும் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, மருத்துவர்கள் மருந்து கொடுக்கிறார்கள். இவ்வளவு போதும். அவளுக்கும் ஒருமுறை கண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் உடன்பிறந்த சிறு குழந்தைகளையும் பார்த்துவிடுவது முறை. அந்தப் பரிசோதனைக்கு அவளை மட்டும் தனியாக அழைத்துப் போய், முடிந்ததும் அவளுக்குப் பிடித்ததை வாங்கிக் கொடுத்து, அன்றைய பொழுதை அவளோடேயே கழியுங்கள். தொலைவில் இருக்கும் நாட்களில் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீடியோ அழைப்பில் பேசுங்கள். அந்த ஐந்து நிமிடமும் அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றியே இருக்கட்டும். படுக்கையை நனைப்பதற்காக உங்கள் அம்மா கண்டிக்காமல் இருந்தால் சில வாரங்களில் அது நின்றுவிடும். நிற்காவிட்டால் எழுதுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயதில் வலது கண் எடுக்கப்பட்டது. இப்போது நான்கு வயது, செயற்கைக் கண்ணோடு எல்.கே.ஜி.யில் சேரவிருக்கிறான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் என்ன செய்வது? பள்ளியில் சொல்லாமல் விட்டுவிடலாமா? ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா?
(கடலூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: சான்றிதழைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றக் கண்ணின் பார்வை நன்றாக இருந்தால் ஒரு கண்ணை இழந்ததற்கு 30 சதவீதம் என்றே மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

பள்ளியில் சொல்லாமல் விடவே கூடாது. வகுப்பு ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வருவது அவனுக்குத் தெரியாது என்பதால் வகுப்பில் வலது ஓரத்தில் உட்கார வைத்தால் கரும்பலகையும் மற்றப் பிள்ளைகளும் அவன் இடது கண்ணுக்குள் அடங்குவார்கள். எப்போதும் பாலிகார்பனேட் கண்ணாடி அணியட்டும். பார்வைக் குறைபாடு இல்லாவிட்டாலும் அணிய வேண்டும், மிஞ்சியிருக்கும் ஒரே கண்ணுக்கு அது கவசம். கில்லி, வில் அம்பு, தீபாவளி வெடி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மற்ற விளையாட்டு எதையும் தடுக்காதீர்கள். மன்சூர் அலி கான் பட்டோடி 1961-இல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார், அடுத்த ஆண்டே இருபத்தொரு வயதில் இந்திய கிரிக்கெட் அணிக்குத் தலைவரானார் என்பதை உங்கள் தலைமுறையினருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கேலியைப் பொறுத்தவரை, அவனுக்கு ஒரு பதிலைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். என் கண்ணில் ஒரு கட்டி வந்தது, டாக்டர் எடுத்துவிட்டார், இது செய்து வைத்த கண், என்று நான்கு வயதுப் பிள்ளை தயங்காமல் சொல்லிவிட்டால் கேட்ட பிள்ளை அடுத்த நிமிடம் ஊஞ்சலுக்கு ஓடிவிடும். வீட்டில் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தினால் அவனுக்கு அந்தப் பதில் வராது. அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க் இதே நோய்க்கு மூன்று வயதில் வலது கண்ணை இழந்தவர். பள்ளி நாட்களில் பந்தாட்டத்தின்போது நடுவர் தவறாக ஆட்டமிழப்புக் கொடுத்ததாகக் கோபம் கொண்டு, செயற்கைக் கண்ணைக் கழற்றி நடுவரிடம் நீட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் மகன் அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஆனால் கண்ணைத் தானே கழற்றவும் மாட்டவும் இப்போதிருந்தே உங்கள் முன் பழகட்டும்.

பள்ளியில் எப்போதாவது கண் கழன்று விழும். அந்த நேரத்தில் ஆசிரியை பதறாமல் இருப்பதுதான் முக்கியம். ஆகவே சேர்க்கும் நாளன்றே அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்தோ, பள்ளியிலேயே ஓர் அறையிலோ, எப்படிக் கழுவி எப்படிப் பொருத்துவது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கண்ணைச் சுத்தமான நீரில் அலசி, மேலிமையைத் தூக்கி முதலில் மேல் விளிம்பை நுழைத்து, பிறகு கீழிமையை இழுத்துவிட்டால் அது தானாக அமர்ந்துகொள்ளும். ஸ்பிரிட், டெட்டால் எதிலும் கழுவக்கூடாது. பொருத்தத் தெரியாவிட்டால் மூடியுள்ள சிறு டப்பியில் சுத்தமான நீர் விட்டு அதில் போட்டு வைத்து உங்களை அழைக்கட்டும். அந்த டப்பியில் அவன் பெயரை எழுதி, முதல் நாளே புத்தகப் பையின் முன் அறையில் வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெருகேற்றும்போது, முகம் வளர்ந்திருப்பதற்கு ஏற்ப வேறு கண் தேவையா என்றும் பார்த்துச் சொல்வார்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் மாற்றாக வைத்திருங்கள்.